கழுவணும், கழுவ வேணாம்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் சில்லு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பேராசிரியர் மேடம்கூட வெளியாட்கள் வந்தால்தான் அவள் முழுப்பெயரைச் சொல்வார். மற்ற நேரத்தில் "சில்லு அக்காவைக் கேளுங்க" என்பதோடு சரி. படிகத் தகட்டின் மேல் ரப்பர் மூடியை ஒட்டிச் சில்லாக்குவது அவள் வேலை. தகடு கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதன்மேல் சீப்புப் பற்களைப் போல மெல்லிய உலோகக் கோடுகள். மூடியின் அடிப்பக்கத்தில் தலைமுடிப் பருமனில் ஒரு வாய்க்கால். கோடுகளுக்கு நேரே வாய்க்கால் வந்து உட்காரும்படி, நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்ட வேண்டும். துளி விலகினாலும் சில்லு குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். அவள் கையால் ஒட்டியது விலகி யாரும் பார்த்ததில்லை.

அந்தச் சீப்புப் பற்களுக்கு மின்சாரம் கொடுத்தால் தகட்டின் மேற்பரப்பு நடுங்கும். குளத்தின் மேல் காற்று ஓடுவது போல ஓடும் அந்த நடுக்கமும் ஒரு ஒலிதான். மனிதக் காது மட்டுமல்ல, நாயின் காதுகூட எட்டிப் பிடிக்க முடியாத ஒலி. அது வாய்க்காலில் இருக்கும் துளியில் போய் முட்டி, அதை முன்னால் தள்ளிக்கொண்டு போகும். மோட்டார் கிடையாது, அழுத்துகிற கை கிடையாது, சத்தமே பம்பு. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரே துளி ரத்தத்தை இப்படித் தள்ளி, பிரித்து, அங்கேயே சோதித்துவிட வேண்டும் என்பது மேடத்தின் பல வருடக் கனவு. வழக்கமான சோதனைக்கு ஒரு துளி போதாது. பிஞ்சுக் காலைப் பிழியத்தான் வேண்டும்.

இந்த வேலை சில்லு அக்காவுக்குப் பிடித்துப்போனதற்கு அவள் வெளியே சொல்லாத காரணம் ஒன்று உண்டு. அங்கே ஒலியை யாரும் காதால் கேட்பதில்லை. அது இருக்கிறதா இல்லையா என்பதைத் திரையில் தெரியும் கோட்டைப் பார்த்துத்தான் மேடமே சொல்வார். அந்த ஒரு விஷயத்தில் மேடமும் அவளும் சரிசமம்.

அவளுக்குக் காது மங்கிக்கொண்டு வந்தது. முப்பது வயதைத் தாண்டியபோது முதலில் குருவிகளின் சத்தம் நின்றது. குருவிகள்தான் வேறெங்கோ போய்விட்டன என்று நினைத்தாள். அப்புறம் அழைப்பு மணி போனது. பிறகு மற்றவர்கள் பேசும் வார்த்தைகள், பல் போன வாயிலிருந்து வருவது போல, முனை மழுங்கிக் குழைந்து வர ஆரம்பித்தன. அவள் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். எந்த அறைக்குப் போனாலும் வெளிச்சம் எதிராளியின் முகத்தில் விழும்படி இடம் பார்த்து உட்காருவாள். மற்றவர்கள் சிரித்தால் அரை நொடி தள்ளித் தானும் சிரிப்பாள். புரியாத கேள்விக்குத் தலையாட்டுவதில் அவளுக்குத் தனித் தேர்ச்சி. ஆமாம் என்பவர் ஆமாம் என்று எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்பவர் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அவளுடைய அப்பாவுக்கும் இதே கதைதான். வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்த மனிதர். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பழமொழி இருக்கிறதே, அதிலிருந்து ஒரு சொல்லைப் பிய்த்தெடுத்துத் தெருவே அவருக்குச் 'சங்கு' என்று பேர் வைத்துவிட்டது. பின்னால் நின்று "சங்கு, உன் சட்டையில தீ" என்று பிள்ளைகள் கத்துவார்கள். அவர் திரும்பாமல் போவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒருநாள் மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க அவர் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். யாரடி அது என்று தோழிகள் கேட்டபோது, பக்கத்து வீட்டுக்காரர் என்று அவள் சொன்னாள். அவர் பக்கத்தில்தான் நின்றார். அவருக்கு அது கேட்கவில்லை. தோழிகளைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.

ஆகவே தனக்கு அந்தப் பேர் வரக்கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். டாக்டரிடம் போகவில்லை. காதுக்குக் கருவி வைத்துக்கொண்டால் ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாள். வீட்டில் அதிகம் சிரமம் இல்லை. புருஷன் பஸ் டிரைவர். வருடக்கணக்காக எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்ததில் அவருடைய சாதாரணப் பேச்சே சண்டை போடுகிற மாதிரி இருக்கும். அக்கம்பக்கத்தார் அந்த வீட்டில் தினமும் தகராறு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் உப்பு கேட்டுக்கொண்டிருப்பார். மகள் கல்லூரியில் முதல் வருடம். வீட்டுக்கு வரும் போனை எல்லாம் அவள்தான் எடுப்பாள். எடுத்துக் கேட்டு, அம்மாவுக்கு நேராகத் திரும்பி, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துச் சொல்வாள். அம்மா பதில் சொன்னதும் அதைப் போனில் சொல்வாள். அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

ஆய்வுக்கூடத்தில் சில்லுக்கு மின்சாரம் கொடுத்து அலையை ஓட்டிப் பார்ப்பவருக்கு மெகா சார் என்று பேர். நாள் முழுக்க மெகாஹெர்ட்ஸ், மெகாஹெர்ட்ஸ் என்று சொல்லிக்கொண்டிருந்ததால் வந்த பேர். மற்றபடி ஆள் தீக்குச்சி மாதிரி இருப்பார். காற்றுக்குக் குறுக்கே நடக்காதீங்க சார் என்று கேலி செய்வார்கள். பதவியில் சில்லு அக்காவைவிட மேலே இருந்தாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். இரண்டு பேரும் ஒரே மேசையில் டீ குடிப்பார்கள். அவர் பேசும்போது உதடு நன்றாக அசையும். அவள் அதற்காகவே அவர் எதிரில் உட்காருவாள்.

சிக்கல் உள்ளறையில்தான். சில்லு ஒட்டும் அந்த அறையில் தூசி இருக்கக்கூடாது. தலை முதல் கால்வரை வெள்ளை அங்கி, தொப்பி, கண்ணைத் தவிர முகம் முழுவதும் முகமூடி. கூரையில் பெரிய காற்றாடிகள் ஓயாமல் இரையும். அங்கே யார் பேசினாலும் அவளுக்கு ஒரு துணி உள்ளே போய் வெளியே வருவது மட்டும்தான் தெரியும். ஆனால் அந்த அறையில் பேச்சு குறைவு. செய்ய வேண்டியது அவளுக்கு மனப்பாடம். மூடிகளை ஆல்கஹாலில் கழுவு, உலர்த்து, ஒட்டு.

ஆஸ்பத்திரியில் முதல் சோதனைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன்பு ஒரு காலையில், மெகா சார் ஒரு தட்டு நிறைய மூடிகளை எடுத்துக்கொண்டு உள்ளறைக்கு வந்தார். ரத்தம் வாய்க்காலின் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டு போவதற்காக, அவரே உட்புறத்தில் ஒரு பூச்சுப் பூசியிருந்தார். கண்ணுக்குத் தெரியாத பூச்சு. ஆல்கஹால் பட்டால் போய்விடும். அதைத்தான் அவர் சொன்னார். சில்லு அக்கா பார்த்தது முகமூடியின் அசைவை. கேட்டது, காற்றாடி இரைச்சலுக்கு நடுவில் 'தட்டு' என்ற ஒரு சொல், அப்புறம் 'கழுவ' என்று ஏதோ, கடைசியில் ஒரு 'ம்'.

கழுவணும் என்றாலும் 'ம்'மில்தான் முடிகிறது. கழுவ வேணாம் என்றாலும் 'ம்'மில்தான் முடிகிறது.

அவளுக்கு உள்ளே ஒரு சின்ன நெருடல் இருந்தது. தினமும் செய்கிற வேலையை எதற்கு இவ்வளவு நீளமாக வந்து சொல்கிறார்? கேட்டிருக்கலாம். ஆனால் அன்று காலையில் ஏற்கெனவே இரண்டு தடவை "என்ன சார்?" என்று கேட்டாகிவிட்டது. இரண்டாவது தடவை அவர் புருவம் லேசாக ஏறி இறங்கியதை அவள் கவனித்திருந்தாள். இன்னொரு முறை கேட்க நாக்கு எழவில்லை. தலையை ஆட்டினாள். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். அவள் தட்டை எடுத்துக் கழுவினாள். வழக்கத்தைவிடக் கூடுதல் கவனத்தோடு, ஒவ்வொரு மூடியாகக் கழுவினாள்.

ஒட்டி முடித்த சில்லுகளில் வண்ணத் தண்ணீரை விட்டுப் பார்த்தார்கள். அலை போட்டதும் தண்ணீர் அழகாக ஓடியது. தண்ணீருக்குப் பூச்சு தேவையில்லை. ரத்தத்துக்குத்தான் தேவை. பூச்சு போய்விட்டது அங்கே யாருக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளின் வார்டு. மேடம், மெகா சார், சில்லுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சில்லு அக்கா. சோதனைக்குச் சம்மதித்த தாய்மார்கள் வரிசையாகக் கட்டிலில் சாய்ந்திருந்தார்கள். மேடம் ஒவ்வொருவரிடமும் போய், ஒரே ஒரு குத்துதான், ஒரே ஒரு துளிதான், அதோடு முடிந்தது என்று சொன்னார். மூத்த நர்ஸ் முதல் குழந்தையின் குதிகாலைத் துடைத்துக் குத்தினார். துளி சில்லின் வாயில் இறங்கியது. மெகா சார் அலையைப் போட்டார். சிவப்புக் கோடு வாய்க்காலில் பாதி தூரம் போய் நின்றுவிட்டது. அப்படியே நின்றபடி கறுக்க ஆரம்பித்தது. முன்னால் தள்ள முடியாத அலை ரத்தத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தது.

அடுத்த சில்லும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

மூத்த நர்ஸ் பொறுத்துப் பார்த்துவிட்டு, சோதனை எப்படியும் எடுத்தாக வேண்டும், பழைய முறையிலேயே எடுத்துவிடலாம் என்றார். அதற்கு மறுபடி குத்த வேண்டும். பிழிய வேண்டும். ஒரு தாய், பிரசவக் களைப்பு முகத்திலிருந்து இன்னும் போகாதவள், பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற சில்லு அக்காவைப் பார்த்துத்தான் பேசினாள். முகமூடி இல்லாத முகம். உதடு தெளிவாகத் தெரிந்தது.

"ஒரே குத்துன்னு சொன்னீங்களே."

நர்ஸ் குழந்தையின் காலைப் பிடித்து இன்னொரு இடத்தில் குத்தினார். குழந்தை வாய் முழுவதையும் திறந்தது. முகம் சிவந்து, நாக்கு நடுங்கியது. அந்த அழுகையில் பாதிதான் அவளிடம் வந்து சேர்ந்தது, அடுத்த வீட்டில் யாரோ அழுவது போல. மீதியைக் கண்ணால் பார்த்தாள். தாய்மார்கள் ஒவ்வொருவராகத் தங்கள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டார்கள்.

திரும்பி வந்ததும் மெகா சார் சில்லுகளை நுண்ணோக்கியில் பார்த்தார். பூச்சு இல்லை. கழுவப்பட்டிருந்தது. அவர் நேராகச் சில்லு அக்காவின் மேசைக்கு வந்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். குழப்பம்தான் இருந்தது.

"அக்கா, அந்தத் தட்டைப் பத்தி நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்? கழுவ வேணாம்னுதானே சொன்னேன்?"

அவள் வாயிலிருந்து வந்தது அவளே யோசித்துச் சொன்னது அல்ல. "கழுவணும்னு சொன்னீங்க சார்."

பொய் என்று அதைச் சொல்லிவிட முடியாது. அவள் புரிந்துகொண்டது அதுதான். ஆனால் தன் காது எப்படிப்பட்டது என்று அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவர் சொன்னதில் முக்கால்வாசி தன்னிடம் வந்து சேரவே இல்லை என்பதும் தெரியும்.

"கழுவணும்னா சொன்னேன்?" என்று மெகா சார் தனக்குத் தானே கேட்டுக்கொண்டு போனார்.

அன்று மாலை வீட்டுக்கு மேடம் போன் செய்தார். மகள்தான் எடுத்தாள். நாளைக்கு இந்த விஷயத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டும், மெகா சார் உறுதியாக என்ன சொன்னார் என்று அம்மாவிடம் கேட்டுச் சொல் என்று மேடம் கேட்டார். மகள் வழக்கம்போல அம்மாவுக்கு நேராகத் திரும்பி உதட்டை அசைத்தாள். கழுவணும்னு சொன்னார்னு சொல்லு என்றாள் அம்மா. மகள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"உனக்குக் கேட்டுச்சாம்மா?"

பல வருடங்களாக அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. அம்மாவின் முகம் கடுத்தது. "சொன்னதைச் சொல்லு" என்றாள்.

மகள் சொன்னாள். போனை வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மெகா சாரைக் குழந்தைகள் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். மேடம் சத்தம் போடவில்லை. பச்சைக் குழந்தைகள் சம்பந்தப்பட்ட வேலையில் சொல்லே மாறிப்போகிறவரை வைத்துக்கொள்ள முடியாது, கொஞ்ச நாள் மாணவர்களின் பயிற்சிக்கூடத்தைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார். மெகா சார் போகும்போது சில்லு அக்காவிடம் வந்து, "என் வாய்தப்பால உங்களுக்கும் கெட்ட பேர் வந்திருக்கும், மன்னிச்சுக்கங்க அக்கா" என்றார்.

அந்த மன்னிப்பு அவளைச் சாப்பிட விடவில்லை. ஆனாலும் அவள் வாய் திறக்கவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்தாலே, தெரு முழுக்கச் சிரிப்பது தெரிந்தது. கேட்காத காதுக்கு அந்தச் சிரிப்பு மட்டும் நன்றாகக் கேட்டது. அப்படியே நாட்கள் ஓடின. உள்ளறையில் தினமும் சில்லு ஒட்டினாள். இரண்டு மூன்று விலகிப்போயின.

வீட்டில் போன் அடித்தால் மகள் எடுப்பதில்லை. போனின் விளக்கு மின்னும். அம்மா மகளைப் பார்ப்பாள். மகள் புத்தகத்தைப் பார்ப்பாள். டிரைவர் ஒருநாள் போனை எடுத்து, எதிர்முனையில் இருந்தவர் காது கிழியப் பேசிவிட்டு, உங்க ரெண்டு பேருக்கும் என்ன என்று கேட்டார். இருவரும் ஒன்றுமில்லை என்றார்கள். அவர் போனதும் மகள்தான் ஆரம்பித்தாள். இனிமேல் உனக்காக நான் போனில் பேச மாட்டேன் என்றாள். ஆய்வுக்கூடத்தில் யாரையோ வேலை மாற்றிவிட்டார்கள் என்று அப்பாவிடம் நீ சொன்னதைக் கேட்டேன், அது அந்த சார்தானே என்றாள்.

"உனக்குக் காதைப் பத்தித் தெரியாது" என்றாள் அம்மா. "எங்கப்பாவைத் தெருவுல என்ன சொல்லிக் கூப்பிட்டாங்க தெரியுமா?"

"தெரியும். தாத்தாவே சிரிச்சுக்கிட்டே சொல்லுவார். அவருக்குக் காது கேக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அவர் யாரையும் மாட்டிவிடலையேம்மா."

அம்மாவுக்குக் கையை ஓங்கத் தோன்றியது. ஓங்கவில்லை. சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

கடைசியில் அவளை அசைத்தது டீ அறைதான். ஒரு மதியம் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். அறையின் மறுகோடியில் கணக்குப் பிரிவுப் பெண்கள் இருவர் தலையோடு தலை சேர்த்துக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசைக்காரருக்கே கேட்டிருக்காது. அவளுக்கு எல்லாம் தெரிந்தது, உதட்டிலிருந்து. மெகா சார் தலையை ஸ்கேன் எடுத்துக்கொண்டாராம். தான் சொன்னதே தனக்கு மாறி ஞாபகம் இருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னாராம். அவருடைய அம்மா மறதி நோயில்தான் போய்ச் சேர்ந்தாராம். தனக்கும் அது தொடங்கிவிட்டது என்று பயந்துபோய் இருக்கிறாராம்.

சில்லு அக்கா டீயை வைத்துவிட்டு எழுந்தாள்.

பயிற்சிக்கூடத்தில் மாணவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மெகா சார் ஒரு கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பற்றவைப்பானைத் தாங்கியில் வைத்தார். வைத்ததும் சுவிட்சைப் பார்த்தார். அணைத்தார். அணைத்துவிட்டோமா என்று மறுபடியும் பார்த்தார். இதுவும் தன்னால்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

"சார், நீங்க சரியாத்தான் சொன்னீங்க. எனக்குத்தான் கேக்கலை. எனக்குக் காது கேக்காது சார். ரொம்ப வருஷமா. முகமூடி போட்டா சுத்தமா கேக்காது. அன்னிக்கு நீங்க சொன்னதுல ரெண்டு வார்த்தைதான் காதுல விழுந்துச்சு. மிச்சத்தை நானா நிரப்பிக்கிட்டேன்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"காது கேக்கலைங்கறது ஒரு விஷயமே இல்ல" என்றார். "நான் வந்து கேட்டேனே. என்ன சொன்னேன்னு உங்க முன்னாடி வந்து நின்னு கேட்டேனே. அப்ப சொல்லியிருக்கலாமே அக்கா."

"தப்புதான் சார்."

"எங்கம்மா கடைசில என் பேரையே மறந்துட்டாங்க. எனக்கும் ஆரம்பிச்சுடுச்சுன்னு நெனச்சேன். என் பொண்டாட்டி முன்னாடி வாய் திறக்கவே பயமா இருந்துச்சு. எதைச் சொன்னாலும் ரெண்டு தடவை சொல்றேன்."

அவள் அழுதாள். அவர் அவளைத் தேற்றவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னார். அவளுக்கு அது கேட்டிருக்காது என்று நினைவு வந்ததும் திரும்பி, அவளுக்கு நேராக, மெதுவாகச் சொன்னார்:

"இப்ப போங்க. நான் கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்."

வாரக் கூட்டத்தில் எல்லோரும் இருந்தார்கள். மேடத்திடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தாள். ஆனால் மெகா சாருக்குக் கெட்ட பேர் தனியாக வரவில்லை, எல்லோர் முன்னாலும்தான் வந்தது. எழுந்து நின்றாள். காது மடல் இரண்டும் நெருப்பாக எரிந்தன. யார் முகத்தையும் பார்க்காமல், அதனால் யார் என்ன சொன்னாலும் கேட்காது என்ற தைரியத்தில், ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை. கணக்குப் பிரிவுப் பெண்கள் இருவரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளுக்கு நேராகத் திரும்பினார்.

"காது கேக்கலைன்னு சொல்லியிருந்தா உள்ளறையில ஒரு பலகை மாட்டி எழுதிப் போட்டிருப்பேன். அவ்வளவுதானே வேலை?" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அந்தக் குழந்தைகளை ரெண்டாவது தடவை குத்தினாங்களே, அதை நான் எந்தப் பலகையில எழுதி அழிக்கறது?" என்றார்.

பிறகு மெகா சாரின் பக்கம் திரும்பி, தானும் சரியாக விசாரிக்காமல் முடிவு எடுத்துவிட்டதாகச் சொல்லி, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். மெகா சார் தலையை மட்டும் அசைத்தார்.

மெகா சார் திட்டத்துக்குத் திரும்பினார். சில்லு அக்காவைச் சில்லு ஒட்டுவதிலிருந்து கொஞ்ச நாள் எடுத்து, கண்ணாடிக் குடுவைகள் கழுவும் இடத்தில் விட்டார்கள். அது நியாயம் என்றே அவளுக்குப் பட்டது. மகள்தான் அவளைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். சோதனை அறையில் இருவரும் அருகருகே உட்கார்ந்திருந்தபோது, உன்னைப் பொய் சொல்ல வச்சுட்டேன் என்றாள் அம்மா. மகள் பதிலுக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

கருவி மாட்டிய முதல் நாட்கள் நரகமாக இருந்தன. காகிதம் கசங்கும் சத்தம் இடியாக விழுந்தது. தன் வாய் மெல்லுகிற சத்தமே சாப்பிட விடாமல் அடித்தது. முதல் நாள் இரவு டிரைவர் உப்பு கேட்டபோது, "ஏங்க இப்படிக் கத்துறீங்க?" என்று காதைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷமா கத்தினப்ப ஒண்ணும் சொல்லலையே என்று அவருக்கு மனத்தாங்கல். அப்புறம் இரண்டு நாள் அவர் மெதுவாகப் பேசிப் பார்த்தார். மூச்சு முட்டுகிறது என்று விட்டுவிட்டார்.

பஸ்ஸில் யாராவது தன் காதையே பார்ப்பது போலத் தோன்றினால் அவள் முடியை இழுத்து மூடிக்கொள்வாள். அந்தக் கூச்சம் போகவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டதால், இது தாங்கக்கூடியதாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் சோதனை வந்தபோது அவள் மறுபடி சில்லு ஒட்டிக்கொண்டிருந்தாள். உள்ளறைச் சுவரில் பலகை மாட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தான் வரவில்லை என்று மேடத்திடம் கெஞ்சிப் பார்த்தாள். சில்லு ஒட்டினவங்கதான் பெட்டியைத் தூக்கணும் என்று மெகா சார் சொல்லிவிட்டார்.

அதே வார்டு, அதே மூத்த நர்ஸ். கட்டில்களில் வேறு தாய்மார்கள். நர்ஸ் குதிகாலைக் குத்தினார். துளி இறங்கியது. மெகா சார் அலையைப் போட்டார். சிவப்புக் கோடு வாய்க்காலில் வழுக்கிக்கொண்டு ஓடி, இரண்டாகப் பிரிந்து, மறுமுனையைத் தொட்டது. யாருக்கும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. குழந்தை கொஞ்சம் அழுதுவிட்டுத் தாயின் மார்பைத் தேடிக்கொண்டது. மேடம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

சில்லு அக்கா கட்டில்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரே குத்துன்னு சொன்னீங்களே என்று கேட்டவள் எப்போதோ வீடு போயிருப்பாள். அந்தக் குழந்தை இப்போது குப்புற விழக் கற்றுக்கொண்டிருக்கும். போய் மன்னிப்புக் கேட்க முகவரி இல்லை. கேட்டாலும் எதற்கு என்று அந்தப் பெண்ணுக்குப் புரியாது.

சாமான்களைக் கட்டும்போது மெகா சார் அவளுக்கு நேரே வந்து நின்றார். மீதமிருக்கும் சில்லுகளைக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேணாம், வெளியிலேயே எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பிரித்துச் சொன்னார். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றார். இப்போதெல்லாம் அப்படித்தான். தான் சொன்னதை அவள் திருப்பிச் சொல்லும்வரை அவர் நகர்வதில்லை. டீ வேறு மேசையில் குடிக்கிறார். மரியாதையில் ஒரு குறையும் வைப்பதில்லை.

"குளிர்ப்பெட்டியில வைக்க வேணாம். வெளியிலேயே எடுத்துட்டுப் போகணும்" என்று பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பது போல அவள் ஒப்பித்தாள். நர்ஸ்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் சூடேறியது.

"சரி" என்று சொல்லிவிட்டு அவர் கம்பிகளைச் சுருட்டப் போனார். அவள் பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தாள்.